நாற்பத்தொன்றாம் எண் பச்சை விளக்கு

என் கடை மேசையின் இழுப்பறையில், டெஸ்டருக்கும் இன்சுலேஷன் டேப்புக்கும் நடுவில், ஒரு சின்னப் பச்சை பல்பு கிடக்கிறது. சுண்டு விரல் நுனி அளவுதான் இருக்கும். அதன் அடிப்பகுதியில் வெள்ளை பெயிண்டில் 41 என்று எழுதியிருக்கும், எழுதியது நான்தான். கடைக்கு வருகிற பையன்கள் சில நேரம் அதை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது எரியுமா?" என்று கேட்பார்கள். எரியும் என்று சொல்லி வாங்கி மறுபடி உள்ளே வைத்துவிடுவேன். தூக்கிப் போட மனசு வருவதில்லை, எங்கேயும் மாட்டவும் மனசு வருவதில்லை.

வாடிப்பட்டியிலிருந்து சோழவந்தானுக்குப் போகிற வழியில், தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் அந்தக் குடியிருப்பு இருக்கிறது. பேர் வேண்டாம். மதுரை ஆனையூரிலிருந்து நான் அங்கே வயரிங் வேலைக்குப் போனேன். வேலை பிடித்துப்போய், பராமரிப்புக்கு நீயே இரு என்று வைத்துக்கொண்டார்கள். ஐந்து வருடம் தினமும் போய்வந்தேன். சுற்றிலும் பெரிய மதில், நடுவில் கோயில், கோயிலைச் சுற்றி நாலு தெரு, தெருவுக்குப் பதினைந்து வீடு. எல்லா வீட்டுக்கும் ஒரே சந்தன நிறம், ஒரே மாதிரி வாசல், வாசலில் ஒரே அளவில் கோலம். குடியிருந்தவர்கள் பெரும்பாலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பக்தியும் ஒழுக்கமும் உள்ள மனிதர்கள் மட்டும் சேர்ந்து வாழ ஓர் இடம் வேண்டும் என்று அவர்களில் சிலர் சேர்ந்து ஆரம்பித்த ஊர் அது.

குறை சொல்ல முதலில் எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. சண்டை இல்லை, ஹாரன் இல்லை, மைக்செட் இல்லை. யாரும் யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கூலியாள் என்று பார்க்காமல் என்னையும் கைகூப்பி வரவேற்பார்கள். ஆனால் நான் மதுரைக்காரன். காலையில் எழுந்ததும் யாராவது யாரையாவது வைகிற சத்தம் காதில் விழாவிட்டால் எனக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது. அங்கே போன முதல் மாதம் முழுக்கக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. தெருவில் ஒரு நாய்கூடக் கிடையாது. எல்லாரும் சிரித்த முகமாகவே இருந்தார்கள். எதிரில் வருபவர் கடந்து போன பிறகு திரும்பிப் பார்த்தால், அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கும்.

கட்டுப்பாடுகள் உண்டு. வெங்காயம், பூண்டு உள்ளே வரக்கூடாது. விருந்தாளி வந்தால் அலுவலகத்தில் எழுத வேண்டும். வெளியாட்கள் சாயங்காலம் ஆறரைக்குள் கேட்டைத் தாண்டிவிட வேண்டும். இவையெல்லாம் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம், கோயில் பூஜை. எந்த நாளும் எந்தக் காரணத்துக்காகவும் ஒரு வேளைகூட நிற்காது என்று தொடங்கியவர்கள் சங்கல்பம் செய்திருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியச் சில மாதம் ஆயிற்று.

ஆனையூரில் எங்கள் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. தெருவில் சாவு விழுந்தால் நடையைச் சாத்திவிடுவார்கள். பிணத்தை எடுத்து, தெருவைக் கழுவிவிட்ட பிறகுதான் திறப்பார்கள். பூசாரியே கோயிலைப் பூட்டிவிட்டுச் சாவு வீட்டுப் பந்தலில் வந்து உட்கார்ந்திருப்பார். யார் செத்தாலும் சாமி அதுவரைக்கும் காத்திருக்கும். நானும் சாமி கும்பிடுகிறவன்தான். அது காத்திருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு. அந்தக் குடியிருப்பில் சாமி காத்திருக்காது. அதனால் அங்கே யாரும் சாகக் கூடாது.

பின்பக்க கேட்டைத் தாண்டி, வாய்க்காலுக்கு அந்தப் புறம், நாலு கட்டில் போட்ட ஒரு வீடு கட்டியிருந்தார்கள். நல்ல வீடுதான், நர்ஸ் உண்டு, மின்விசிறி உண்டு, எல்லாம் என் கையால் மாட்டியது. அதற்கு ஏதோ வடமொழிப் பெயர். எல்லாரும் வாய்க்கால் வீடு என்றுதான் சொன்னார்கள். உள்ளே ஒருவருக்கு முடியாமல் போகிறது என்று தெரிந்தால், பேட்டரி வண்டியில் உட்காரவைத்து அங்கே கொண்டுபோய்விடுவார்கள். வண்டி போகும்போது தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து கும்பிட்டு வழியனுப்புவார்கள். யாரும் அழ மாட்டார்கள். பிறகு அவரைப் பற்றிக் கேட்டால், "இடம் மாறிட்டாங்க" என்பார்கள். அம்புட்டுதான்.

யாருக்கு எப்போது முடியாமல் போகிறது என்று தெரிய ஒரு ஏற்பாடு வேண்டும் இல்லையா? அதைச் செய்து கொடுத்தவன் நான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் எல்லா வீட்டிலும் மாடத்தில் அகல் ஏற்றி, வாசல் விளக்கையும் போட வேண்டும் என்பது வழக்கம். வாசல் விளக்கு லைனிலிருந்து ஒரு வயர் இழுத்து, அலுவலகச் சுவரில் ஒரு பலகை செய்து, வீட்டுக்கு ஒன்றாக அறுபது பச்சை பல்பு மாட்டினேன். மணி அடித்துப் பத்து நிமிடத்துக்குள் பலகை முழுக்கப் பச்சையாகிவிடும். ஏதாவது ஒன்று எரியாவிட்டால் தொண்டர்கள் இரண்டு பேர் சிரித்த முகத்துடன் அந்த வீட்டுக்குப் போவார்கள். அந்தப் பலகையைப் பற்றி எனக்கு எம்புட்டுப் பெருமை தெரியுமா? அறுபது லைனில் ஒன்றில்கூட லூஸ் கனெக்ஷன் வந்ததில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொள்வேன்.

நாற்பத்தொன்றாம் எண் வீடு டீச்சருடையது. ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர், கணக்கு டீச்சர். அவர் வீட்டு ஃபேன், மோட்டார் எல்லாம் நான்தான் பார்த்துக்கொடுத்திருக்கிறேன். பிள்ளை இல்லை. கணவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, உடம்பெல்லாம் குழாயோடு இறந்துபோனார். டீச்சர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு ஆனையூர் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தார். கடைசிவரை கூட இருப்போம் என்று அவர்கள் அச்சடித்துக் கொடுத்த தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். என்னை உள்ளே பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். "தம்பி, நீயும் மோட்சத்துக்கு வந்துட்டியா?" என்றார்.

நல்ல நக்கல் பிடித்த மனுஷி. என் கருவிப் பையில் வயர்க்கட்டுக்கு அடியில் சின்ன வெங்காயம் கொண்டுவரச் சொல்வார். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, ஊதுபத்தி இரண்டு கொளுத்திவைத்துக்கொண்டு, குழம்புக்குத் தாளிப்பார். அறுபது வயதைத் தாண்டிய டீச்சரும் நாற்பதைத் தொட்ட நானும் பரீட்சையில் காப்பியடித்த பிள்ளைகள் மாதிரி அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறோம். அவருடைய படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் மதிலின் கம்பி வைத்த பகுதி வழியாக வயல் தெரியும். அந்த ஜன்னலுக்காகத்தான் அந்த வீட்டைக் கேட்டு வாங்கினேன் என்பார்.

அவரை மாற்றியது ஒரு போஸ்ட்மாஸ்டர். அதே தெருவில் இருந்தவர். ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டார், விளக்குப் போடவில்லை. தொண்டர்கள் போய்ப் பார்த்து, வாய்க்கால் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். நாலாம் நாள் அவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. காலையில் தானே நடந்து வாய்க்காலைத் தாண்டிப் பின்பக்க கேட்டுக்கு வந்து நின்றார். உள்ளேயிருந்து உத்தரவு வராமல் திறக்க வாட்ச்மேனுக்கு அதிகாரம் இல்லை. அதுவரை அங்கே போன யாரும் திரும்பி வந்ததில்லை என்பதால், திரும்பி வந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. நிர்வாகிகள் கூடிப் பேசினார்கள். அவர் அங்கேயே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டி நின்றார். உள்ளே போகிற வருகிறவர்களிடம் மணி என்ன என்று மட்டும் கேட்டார். அவர்கள் சிரித்துக் கும்பிட்டு, மணி சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் சொன்னேன். பதினொன்றே முக்கால். மத்தியானம் நர்ஸ் வந்து அவர் கையைப் பிடித்துத் திரும்ப அழைத்துப் போனார். ஒரு வாரத்தில் அவர் இறந்துவிட்டார். எந்த நோயில் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த வாரம் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஃபேன் சத்தம் போடுகிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். போனால் ஃபேன் நன்றாகத்தான் ஓடியது. அந்தத் தாளை எடுத்து என் முன்னால் விரித்து வைத்தார்.

"கடைசிவரைன்னு போட்டிருக்காங்க தம்பி. கடைசியையும் சேத்துப் போடல. நான்தான் சரியாப் படிக்காமப் போயிட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு அந்தக் கேட்டுக்கு அங்குட்டு நிக்க வேணாம். இந்தக் கட்டில்ல, இந்த ஜன்னலப் பாத்துக்கிட்டே போயிரணும். அதுக்கு ஒரு வழி பண்ணிக் குடு" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி டைமர். ஆறு மணி ஆனால் வாசல் விளக்கு தானாக எரியும், ஒன்பதுக்குத் தானாக அணையும். மீட்டர் பெட்டிக்குள் யார் கண்ணிலும் படாதபடி மாட்டினேன். டைமர் கோளாறு செய்தால் எழுந்து போய்ப் போட முடியாதே என்று அவர் கவலைப்பட்டதால், கட்டிலின் தலைமாட்டில் ஒரு சுவிட்சும் வைத்தேன். டைமர் ஏற்றி வைத்திருந்தாலும் அதைத் தட்டினால் விளக்கு அணையும், திரும்பத் தட்டினால் எரியும். டீச்சர் படுத்துக்கொண்டே கையை நீட்டி இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இனிமேல் நான் செத்தாலும் பாஸ்தான் என்றார். நானும் சிரித்தேன். அந்த ஊரில் ஒருவருக்காவது ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம்கூடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் கிளம்புவதற்கு முன் பலகை முன்னால் நின்று ஒரு பார்வை பார்ப்பது என் வழக்கம். நாற்பத்தொன்று எரிந்தால், டீச்சர் நன்றாக இருக்கிறார் என்று மனசுக்குள் ஒரு நிம்மதி வரும். டைமர் போட்டவன் நான்; அந்த வெளிச்சத்துக்கும் டீச்சருக்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்கு அல்லவா தெரிந்திருக்க வேண்டும்? பார்த்துப் பார்த்துப் பழகியதில் எனக்கும் அது மறந்துபோயிருந்தது.

ஐப்பசி மாதம், தூறல் போட்ட ஒரு சாயங்காலம். ஆறேகால் இருக்கும். அலுவலகத்தில் குடியிருப்பின் செயலாளர் மேசையில் உட்கார்ந்திருந்தார். மெல்லிய குரலில் பேசுகிற, யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதர். பலகையில் அறுபதும் எரிந்துகொண்டிருந்தன. நான் பையைத் தோளில் மாட்டும்போது நாற்பத்தொன்று அணைந்தது. உடனே எரிந்தது. மறுபடி அணைந்தது, எரிந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு இன்னும் மூன்று நான்கு தடவை. செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார்.

"அந்த அம்மா வீட்டுல என்னன்னு பாத்துட்டு வர ஆள் அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

எனக்கு மீட்டர் பெட்டிதான் ஞாபகம் வந்தது. தொண்டர்கள் போய்த் திறந்து பார்த்தால் டைமர் தெரிந்துவிடும், டீச்சர் மாட்டிக்கொள்வார். "வேணாம் ஐயா. தூறலுக்கு லூஸ் கனெக்ஷன் ஆயிருக்கும். காலைல நானே பாத்துர்றேன்" என்றேன். சொல்லிக்கொண்டே விரலால் பலகையை இரண்டு தட்டுத் தட்டினேன். அணைந்திருந்த பல்பு எரிந்தது. பிறகு அணையவே இல்லை. "பாத்தீங்களா, நின்னுருச்சு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். ஆறரை ஆகப்போகிறது என்று நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் உசிலம்பட்டியில் மச்சினன் வீட்டுக் கல்யாணம். காலையில் பார்க்கிறேன் என்று சொன்னதை மறந்தே போனேன். அதற்கடுத்த நாள் உள்ளே நுழைந்து அந்தத் தெருவில் திரும்பியபோது, நாற்பத்தொன்றாம் வீட்டு கேட்டில் தொங்கிய பையில் இரண்டு பால் பாக்கெட் இருந்தது. முதல்நாள் பாக்கெட் ஊதிக்கொண்டு கிடக்க, அதன் மேலேயே அன்றைக்கு வந்ததை வைத்திருந்தார்கள். பால் போட்டவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எதிர்வீட்டு அம்மாவுக்கும் தோன்றவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வாசலில் விளக்கு எரிந்ததே.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பின்பக்கம் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீச்சர் கட்டிலில் இருந்தார். கால் இரண்டும் தரையை நோக்கித் தொங்க, உடம்பு பக்கவாட்டில் சரிந்து, முகம் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வலது கை தலைக்கு மேலே நீண்டு, நான் வைத்த சுவிட்சுக்குக் கீழே சுவரில் சாய்ந்து நின்றது.

செயலாளரிடம் போய்ச் சொன்னேன். டைமரையும் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "எப்போலருந்து?" என்று மட்டும் கேட்டார். டீச்சருக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்த பிறகுதான், உள்ளே பிணம் கிடக்க எத்தனை வேளை பூஜை நடந்துவிட்டது என்று கணக்குப் பார்க்கிறார் என்று புரிந்தது. பிறகு கண்ணைத் திறந்தார். சங்கல்பம் கெடவில்லை, நாம் கெட விடக்கூடாது என்றார். டீச்சர் இன்னும் போகவில்லை என்று நிர்வாகம் முடிவு செய்தது.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தாழை நெம்பிக் கதவைத் திறந்து, டீச்சருக்கு ஒரு புதுப் புடவை சுற்றினார்கள். மேலே சால்வை போர்த்தினார்கள். விறைத்த கையைப் பணிய வைக்க ரொம்ப நேரம் பிடித்தது. சம்பங்கிப் பூவை மடி நிறையக் கொட்டி, பேட்டரி வண்டியில் சாய்த்து உட்காரவைத்து, இரண்டு தொண்டர்கள் இரண்டு பக்கமும் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பதினொன்றரை மணி வெயிலில் வண்டி மெல்லப் புறப்பட்டது. நான் பின்னால் நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வந்து நின்று கும்பிட்டார்கள். மூக்கில் துணி வைத்துக்கொண்டவர் ஒருவரும் இல்லை. எதிர்வீட்டு அம்மா வண்டிக்குக் கிட்டே வந்து, டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்து, "போய்ட்டு வாங்க டீச்சர்" என்றார். பக்கத்தில் நின்றவர், "பாவம், ரொம்பக் களைப்பா இருக்காங்க" என்றார். அவர்கள் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்தபோது, அடுத்து ஒருநாள் தங்களையும் இப்படித்தான் கூட்டிப்போவார்கள் என்பதும் தெரிந்தே இருந்தது என்று தோன்றியது. வண்டி பின்பக்க கேட்டைத் தாண்டியதும் வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். உச்சிக்கால மணி சரியான நேரத்துக்கு அடித்தது. அதற்குப் பிறகுதான், வாய்க்கால் வீட்டில், டீச்சர் இறந்துபோனார்.

அன்றைக்கே வேலையை விட்டேன். கிளம்பும்போது பலகையிலிருந்து நாற்பத்தொன்றைத் திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை, கைகூப்பி வழியனுப்பினார்கள்.

அவர்களைப் பற்றி நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. அவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை என்பது அந்தக் கோபத்தை அதிகமாக்குகிறதே தவிரக் குறைக்கவில்லை. நல்லவர்கள் மட்டும் இருக்க ஊர் கட்டினார்கள். முடியாமல் கிடப்பவர் கூப்பிட ஒரு வழி வைக்கவில்லை. உதவி கேட்டால் வாய்க்கால் வீடு என்று ஆனபிறகு யார் உதவி கேட்பார்கள்? ஆனால் அன்று சாயங்காலம் ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டவர் செயலாளர். வேண்டாம் என்று சொன்னவன் நான். டீச்சர் கடைசியில் பயந்துபோய், வாய்க்கால் வீடானாலும் பரவாயில்லை, யாராவது வந்தால் போதும் என்று நினைத்துத்தான் அந்தச் சுவிட்சைத் தட்டியிருக்க வேண்டும். பலகையைப் பார்க்கிற ஆள் நான் என்பது அவருக்குத் தெரியும். என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

இப்போது ஆனையூரிலேயே சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். லைட் விட்டு விட்டு எரிகிறது என்று யாராவது போன் செய்தால், சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து போய்விடுவேன். போனதும் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்பேன். வயரைப் பிறகுதான் பார்ப்பேன். மாப்ள, நீ எலக்ட்ரீஷியனா டாக்டரா என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அந்தப் பச்சை பல்பை எத்தனையோ தடவை ஹோல்டரில் மாட்டிப் பார்த்துவிட்டேன். தட்டிப் பார்த்திருக்கிறேன், குலுக்கிப் பார்த்திருக்கிறேன், மணிக்கணக்கில் எரியவிட்டு முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு தடவையாவது தானாக அணைந்து எரியாதா என்று இருக்கும். அது அசையாமல் எரிகிறது. அதில் ஒரு பழுதும் இல்லை.